கதையல்லாத நூல்களைப் பிரெய்லில் படிப்பது: பல வருட அனுபவம்

நாவல் என்றால் எனக்குக் காதே போதும். வரலாறு, பொருளாதாரம், சட்டம் என்றால் விரல்தான். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் இருக்கும்போது பிரெய்ல் எதற்கு என்று பார்வையற்ற நண்பர்களே கேட்கிறார்கள். ‘மருதநாயகம்’ என்பதில் வருவது ‘ந’வா ‘ன’வா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. ஆசிரியர் ஆற்காடு என்று எழுதினாரா, ஆர்க்காடு என்று எழுதினாரா என்பதும் அப்படித்தான். அப்புறம், நான் வகுப்பெடுப்பவன். இயர்போன் மாட்டிக்கொண்டு பாடம் நடத்த முடியாது. மேஜையில் பிரெய்ல் தாள் இருந்தால் கை பாட்டுக்கு வரியில் ஓடும், வாய் பாட்டுக்குப் பேசும்.

சரி, புத்தகங்கள் எப்படி இருக்கின்றன? முதலில் பருமன். தமிழ்ப் பிரெய்லில் எழுத்துக்கு ஒரு கட்டம் (ஆறு புள்ளிகளுக்கான இடம்), அதோடு மெய்யின் புள்ளிக்கு ஒரு கட்டம், உயிர்க்குறிக்கு ஒரு கட்டம். ‘தமிழ்நாடு’ அச்சில் 5 எழுத்து, பிரெய்லில் 9 கட்டம். பெரிய தாளிலேயே வரிக்கு 40 கட்டம், பக்கத்துக்கு 25 வரிதான் கொள்ளும். அதனால் 300 பக்க நூல் நாலைந்து பாகமாக வந்து இறங்கும். அஞ்சலில் 7 கிலோ வரை கட்டணம் இல்லை என்பது பெரிய உபகாரம். வந்தவற்றைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், அடியில் இருப்பவற்றின் புள்ளிகள் அமுங்கிவிடும்.

ஆளைப் படுத்துவது அடிக்குறிப்புதான். பிரெய்லில் எண்களுக்குத் தனி வடிவம் கிடையாது. 3 என்றால், எண் வருகிறது என்று சொல்லும் எண் குறி, அதன் பின் ‘ச’. அந்த எண் குறியும் ‘ண’வும் ஒன்றே, இரண்டுக்கும் 3, 4, 5, 6ஆம் புள்ளிகள். முன்னால் இடைவெளி இருந்தால் ‘1947’ எண்ணாகவே விரலில் படும். ஆனால் அச்சில் சொல்லின் தலைமாட்டில் பொடியாக நிற்கும் 3, பிரெய்லுக்கு மாற்றும்போது சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. படித்தால் ‘எழுதினார்ணச’! பழகிய விரல் தாண்டிவிடும், புதியவர் திணறுவார்.

சொல்லடைவில் இருப்பது அச்சுப் பக்க எண். கையில் இருப்பதோ பிரெய்ல் பக்கம். அச்சுப் பக்க எண்ணை ஓரத்தில் போட்டால் தீர்ந்தது. நான் வாங்கியவற்றில் அப்படிப் போட்டது அபூர்வம். வரைபடம் வரும் இடத்தில் ‘வரைபடம் 2’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். கர்நாடகப் போர்களில் படைகள் எங்கிருந்து எங்கே போயின என்று புரிய அந்தப் படம்தானே வேண்டும்? புடைப்புப் படம் கேட்கவில்லை, நாலு வரி விளக்கம் போதும்.

தேடினால் கையில் கிடைப்பது பெரும்பாலும் பாடநூல், போட்டித் தேர்வுக் கையேடு, பக்தி, நீதி. வேலை கிடைத்ததும் பார்வையற்றவர் படிப்பதை நிறுத்திவிடுவார் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள் போலும். ஆகவே வேண்டியதை நானே எம்பாஸர் (பிரெய்ல் அச்சு இயந்திரம்) உள்ள இடத்தில் கொடுத்து அடித்துக்கொள்கிறேன். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தில் இதற்கு வழி இருக்கிறது. பதிப்பகத்திடம் கேட்கும்போது யூனிகோடு கோப்பாகக் கேளுங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தந்தால் பிரெய்லில் குப்பைதான் வரும். ஸ்கேன் செய்து எடுத்த கோப்பு என்றால் பத்திக்கு நடுவில் பக்கத் தலைப்பு வந்து குந்திக்கொள்ளும்.

இப்போது ஆர்பிட் ரீடர் 20 என்ற மின்னணுப் பிரெய்ல் கருவியும் வைத்திருக்கிறேன்; வரி வரியாகப் புள்ளிகள் அதில் எழும். பி.ஆர்.எஃப். என்ற பிரெய்ல் கோப்பாக்கி எஸ்.டி. கார்டில் போட்டால் போதும், சுமை இல்லை, சொல்லைத் தேடவும் முடிகிறது. ஆனால் இருப்பது 20 கட்டம், தமிழில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் தெரியாது. வாழ்க்கை வரலாறு, கட்டுரை எல்லாம் இதில் நன்றாகப் போகிறது. பட்ஜெட் அட்டவணையில் இடது கை ஒரு வருடத்தைப் பிடித்திருக்க வலது கை அடுத்த வருடத்துக்கு நகர வேண்டும். அது இதில் நடக்காது. எண்கள் நிறைந்த நூல்களை மட்டும் இன்னமும் தாளில்தான் அடிக்கக் கொடுக்கிறேன்.