சுண்டெலியா, எலியா, ஆப்பிரிக்க எலியா? பால் பைத்தானுக்கு ஏற்ற இரை

பொன்னி என்ற எங்கள் பால் பைத்தான் பாம்பை டல்லாஸுக்கு அருகே ஒரு கடையில் வாங்கியபோது அவள் எடை 210 கிராம். "வாரம் ஒரு சுண்டெலி, உயிரோடு போடுங்கள்" என்று கடைக்காரர் சொன்னார். நாங்களும் அப்படியே செய்துவந்தோம். மூன்று ஆண்டுகளில் 1,400 கிராமைத் தொட்டுவிட்டாள். அப்போதும் சுண்டெலியைத் தவிர வேறெதையும் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். ஒரு வேளைக்கு மூன்று தேவைப்பட்டது. இரண்டை விழுங்கிவிட்டு, மூன்றாவது கூண்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொந்துக்குள் போய்ச் சுருண்டுகொள்வாள். அந்த மூன்றாவதைப் பிடித்து வெளியே எடுப்பது என் வேலை.

அந்த மூன்று ஆண்டுகளில் இரையைப் பற்றி நான் கற்றுக்கொண்டதை, முதல் பால் பைத்தானை வாங்கப்போகும் ஒருவருக்குச் சொல்வதாக நினைத்து எழுதுகிறேன். சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறை பிடித்த செய்திகளில் இந்தப் பாம்பின் பெயரைப் பலர் பார்த்திருப்பார்கள். பால் என்பது இங்கே பந்து. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பிரிட்டனில் ராயல் பைத்தான் என்கிறார்கள். கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளில், கொறிவிலங்குகள் தோண்டிய வளைகளிலேயே தங்கி, அந்த வளைகளின் சொந்தக்காரர்களையே தின்று வாழ்வது. நைஜீரியக் காடுகளில் ஆய்வு செய்தவர்கள், சிறிய பாம்புகளும் ஆண் பாம்புகளும் பறவைகளையும் நிறையத் தின்பதைக் கண்டிருக்கிறார்கள். வீட்டுக் கூண்டில் இந்த விருப்பமெல்லாம் நாம் வாங்கிப் போடும் ஒன்றிரண்டு வகைக்குள் சுருங்கிவிடுகிறது. ஆகவே அந்த ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

சுண்டெலியில் தொடங்குவது எளிது. எல்லா ஊரிலும் கிடைக்கும். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டி 50 முதல் 80 கிராம் வரை இருக்கும். அதற்கு ஹாப்பர் எனப்படும் குட்டிச் சுண்டெலி அளவாகப் பொருந்தும். வாசனை கூர்மையாக இருப்பதால் புதிய குட்டிகள் சட்டென்று பிடித்துக்கொள்ளும். குறை பின்னால்தான் தெரியும். வளர்ந்த சுண்டெலி 25, 30 கிராமுக்கு மேல் அரிதாகவே போகும். பாம்போ அதைப் போல ஐம்பது மடங்கு வளர்ந்துவிடும். நாங்கள் வாங்கும் இடத்தில் மூன்று சுண்டெலியின் விலை ஒரு சிறிய எலியின் விலையைத் தாண்டுகிறது. அந்தச் செலவைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் பாதி வயிற்றோடு பாம்பு ஒதுங்கிவிடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதனால் என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: எலிதான். அதுவும் குட்டியிலிருந்தே. வளர்ந்த சுண்டெலிக்கும் வளர்ந்த எலிக்கும் சத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. பிங்கி எனப்படும் கண் திறக்காத, பிறந்த குட்டிகளில் மட்டும், எலும்பு முற்றாததால், சுண்ணாம்புச் சத்து குறைவு. எலியின் உண்மையான பலம் அது எல்லா அளவிலும் கிடைப்பதுதான். பத்துப் பன்னிரண்டு கிராம் குட்டி, 30 முதல் 50 கிராம் வரை பால் மறந்த எலி, 50 முதல் 90 வரை சிறியது, அதற்கு மேல் நடுத்தரம் என்று பாம்போடு சேர்ந்து படிப்படியாக ஏறிக்கொண்டே போகலாம். பாம்பு 500 கிராமைத் தொடும் வரை, அதன் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீத இரை வாரம் ஒருமுறை போதும். வளர்ந்த பிறகு ஐந்து சதவீதத்தை ஒட்டி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. தராசு இல்லாதவர்கள் உடலின் மிகப் பருத்த இடத்தைப் பார்த்து, அந்தத் தடிமனுக்கு மிஞ்சாத எலியைக் கொடுக்கலாம்.

எலியில் ஆபத்தும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பெரிய எலிகள் கிடைக்கின்றன என்பதற்காகவே பெரிதாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 250 கிராம் எலியை வாரந்தோறும் விழுங்கிய ஒரு பெண் பாம்பை நண்பர் வீட்டில் கையில் ஏந்திப் பார்த்தேன். வளைந்த இடங்களில் தோல் மடிந்து, செதில்களுக்கு நடுவே வெளிர் தோல் தெரிந்தது. விரலால் தடவினால் முதுகெலும்பே தட்டுப்படவில்லை. நல்ல உடல்நிலையில் இருக்கும் பால் பைத்தானின் முதுகு கூரை போல லேசாக உயர்ந்து, இரு பக்கமும் சரியும். அந்தப் பாம்பு உருட்டிய மாவு போல இருந்தது. அன்போடு செய்ததுதான், ஆனாலும் பாம்பின் ஈரலுக்கு அது தெரியாது.

மூன்றாவது, ஆப்பிரிக்க மென்மயிர் எலி. வளர்ப்பவர்கள் ஏ.எஸ்.எஃப். என்றே சொல்வார்கள். சுண்டெலிக்கும் எலிக்கும் நடுவே, 50 முதல் 80 கிராம் வரை வளரும். பால் பைத்தான் வாழும் மண்ணிலேயே வாழும் விலங்கு. அந்த வாசனைக்கு எந்தப் பிடிவாதப் பாம்பும் மசியும் என்று சொல்வார்கள். மாதக்கணக்கில் வாயே திறக்காத ஓர் ஆண் பாம்பு, தட்டு கீழே வைக்கப்படும் முன்பே பாய்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். இந்த எலியின் எடை அதிகம் ஏறாது என்பதால் வளர்ந்த ஆண் பாம்புகளுக்கு அளவும் சரி.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோரும் அதையே போடுவதில்லை? ஒன்று, அது எளிதில் கிடைப்பதில்லை. 2003-இல் கானாவிலிருந்து டெக்சாஸுக்கு வந்த கொறிவிலங்குகள் வழியாக அமெரிக்காவில் குரங்கம்மை பரவியது. அதன்பின் ஆப்பிரிக்கக் கொறிவிலங்குகளின் இறக்குமதிக்கு அந்நாடு தடை போட்டது. இன்று விற்பவை உள்நாட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. மேற்கு ஆப்பிரிக்காவில் லாசா காய்ச்சலைச் சுமப்பது இதன் காட்டு உறவுதான். வளர்ப்புக் கூட்டங்களில் அந்த அச்சம் இல்லை. வீட்டிலேயே வளர்க்கலாம் என்றால், வளர்ப்பு எலியைப் போல அது சாதுவாகக் கைக்கு வராது, கடிக்கும். இரண்டாவது காரணம்தான் பெரிது. இதன் சுவை கண்ட பாம்புகளில் பல பிறகு சாதாரண எலியைத் திரும்பியும் பார்க்காது. விற்பவர் ஊரை விட்டுப் போனால் உங்கள் பாம்பு பட்டினி. செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 1961-இல் ஒருவர் கொடுத்த பால் பைத்தான், 60 வயதைக் கடந்த நிலையில் 2020-இல் முட்டையிட்டது. இவ்வளவு நாள் வாழக்கூடிய உயிரை, எப்போது கிடைக்காமல் போகும் என்று தெரியாத இரைக்குப் பழக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேறு வழியே இல்லாத பாம்புக்கு மட்டும் கொடுக்கலாம்.

ஜெர்பில் என்ற சிறு பாலைவனக் கொறிவிலங்கு, கோழிக்குஞ்சு, காடைக்குஞ்சு எல்லாம் மாறுதலுக்கு எப்போதாவது போடலாம். கோழிக்குஞ்சு தின்ற பாம்பின் கழிவு நீர்த்தும் நாறியும் இருக்கும், அவ்வளவுதான்.

இரை உயிருள்ளதா, கொன்று உறைய வைத்ததா என்ற கேள்வியில் நான் தயங்குவதே இல்லை: உறைந்ததுதான். ஒரு மாலையில் பொன்னிக்குச் சுண்டெலியைப் போட்டுவிட்டு, தொலைபேசி அடித்ததால் அடுத்த அறைக்குப் போனேன். இருபது நிமிடம்தான். திரும்பி வந்தபோது அவள் முதுகில், கழுத்துக்கு ஒரு சாண் கீழே, மூன்று செதில்கள் பிய்ந்து சிவந்திருந்தன. சிறிய சுண்டெலி செய்த வேலை அது. எலியின் பற்கள் எலும்பு வரை போய்விடும். அந்தத் தழும்பு அதன்பின் பலமுறை சட்டை உரித்தும் மறையவில்லை. இரையாகும் விலங்கின் பக்கம் நின்று யோசித்தாலும் அப்படித்தான். மூலையில் நடுங்கிக்கொண்டு காத்திருப்பதைவிட, கரியமில வாயுவில் மயங்கி முடிவது அதற்கும் மேல்.

உறைந்த இரையைக் கையாள்வதில் ஓர் எச்சரிக்கை. உறைய வைத்தால் சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி சாகாது. 2010-இல் அமெரிக்காவில் உறைந்த இரை எலிகளால் மனிதர்களுக்கே நோய் பரவி, அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். எங்கள் வீட்டில் இதற்கென்று தனி வாளியும் தனி இடுக்கியும் இருக்கின்றன. சமையலறைப் பக்கம் அவை வருவதில்லை. மூடிய பையோடு முதலில் குளிர்ந்த நீர், உறைவு நீங்கியபின் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், வயிறு வெடித்துவிடும். மேல் உதட்டில் இருக்கும் குழிகளால் பாம்பு சூட்டை உணர்கிறது. எனவே கொடுக்கும் நேரத்தில் எலியின் தலை உடலைவிடச் சற்றுச் சூடாக இருக்க வேண்டும்.

பொன்னியை மாற்ற ஏழு வாரம் ஆனது. முதலில் உறைந்த சுண்டெலிக்குப் பழக்கினோம். அதன்பின் 40 கிராம் எலி ஒன்றைச் சுண்டெலிக் கூண்டின் பழைய மரத்தூளில் புரட்டி, இடுக்கியில் பிடித்துப் பொந்தின் வாயில் அசைத்தேன். இரண்டு முறை தலையைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது முறை நாக்கு வேகமாக வந்து வந்து போனது. பிறகு சட்டென்று நின்றது. கழுத்து மெல்லப் பின்வாங்கி மடிந்தது. இடுக்கி கையை விட்டுப் போன பிறகுதான் அவள் பாய்ந்ததே எனக்குத் தெரிந்தது.

இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை 80 கிராம் எலி ஒன்று கொடுக்கிறோம். குளிர்காலத்தில் சில வாரங்கள் வேண்டாம் என்பாள். எடை இறங்காதவரை நாங்கள் வற்புறுத்துவதில்லை. எலிகளுக்கென்று வைத்திருக்கும் ஃப்ரீஸரின் அடித்தட்டில் ஆறு சுண்டெலிகளை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன், அவற்றின் வாசனை எப்போதாவது தேவைப்படலாம் என்று.