வளைகுடா வழியே ஐரோப்பா: பிசினஸ் வகுப்பில் எந்த இருக்கை?
களியக்காவிளைப் பகுதியில் வாழும் எங்களுக்குத் திருவனந்தபுரமே அருகிலுள்ள விமான நிலையம். அங்கிருந்து ஐரோப்பா செல்வோர் பெரும்பாலும் வளைகுடாவில் விமானம் மாறுவதால், இரண்டாவது விமானம் எந்த வகை என்பதைப் பார்த்தே சீட்டு வாங்க வேண்டும். கத்தார் ஏர்வேஸ் 2017-இல் அறிமுகப்படுத்திய கியூசூட் என்னும் பிசினஸ் வகுப்பில், 1-2-1 வரிசையில் (இரு ஜன்னலோரமும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு) ஒவ்வோர் இருக்கைக்கும் இழுத்து மூடும் கதவு உண்டு. நடுவிலுள்ள நான்கு இருக்கைகளின் தடுப்புகளை விலக்கினால், குடும்பத்தினர் எதிரெதிரே அமர்ந்து சேர்ந்து உண்ணலாம். முதிய பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் சில இருக்கைகள் விமானத்தின் பின்புறம் நோக்கியவை. தலைசுற்றல் உள்ளவர்கள் முன்பதிவின்போதே இதைக் கவனிக்க வேண்டும்.

எமிரேட்ஸின் ஏ380 என்னும் இரட்டைத்தள விமானத்தின் மேல்தளத்திலும் 1-2-1 வரிசைதான்; கதவு கிடையாது, பின்புறத்தில் நின்று பேச விசாலமான மதுக்கூடம் உண்டு. அதே நிறுவனத்தின் புதுப்பிக்கப்படாத போயிங் 777-இல் 2-3-2 வரிசை என்பதால், இரு அயலாருக்கு நடுவே இரவைக் கழிக்க நேரலாம். இவ்வளவு கட்டணத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிழக்கு நோக்கிச் செல்வோருக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நெடுந்தூர ஏ350 விமானம் உண்டு. இருக்கை மிக அகலமானது. எனினும் எழுந்து நின்று முதுகுப்பகுதியை முன்னே மடக்கினால்தான் படுக்கையாகும், கால்களையும் சற்றுக் குறுக்காகவே நீட்ட வேண்டும்.