ஆள் வந்துவிடுவார், அவர் கார் எங்கே நிற்கும்?

மகப்பேறு விடுப்பு முடிந்து அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பும் தோழி ஒருத்தி, "உங்க ஆபீஸ்ல குடுக்குற அந்த பேக்கப் கேர் உருப்படியா இருக்கா?" என்று கேட்டாள். பிள்ளையை நர்சரியில் விட முடியாத நாளில், பார்த்துக்கொள்ள வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஏற்பாடு அது. ஒன்றரை வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஆண்டுக்கு 10 நாள் கம்பெனி செலவு, இந்த ஆண்டு 7 தீர்ந்துவிட்டது. போன வாரம் இதனாலேயே 80 பவுண்டு அபராதமும் கட்டினேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன், காரம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் பிள்ளையை நர்சரியில் விடுபவர்களுக்கு 48 மணி நேரக் கணக்கு தெரிந்திருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உள்ளே விடமாட்டார்கள். என் பையனோ முதல் நாள் மதியமே சோபாவில் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பான். எனக்கோ மறுநாள் காலை மீட்டிங். அம்மா இருப்பது திருச்சியில். இப்படிப்பட்ட அவசரத்துக்கு விடுப்பு எடுக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அந்த நாளுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று சொல்லவில்லை.

வருகிறவர்களைக் குறை சொல்ல வாய் வராது. முதல் தடவை வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். பையன் திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அவர் கூப்பிடவே இல்லை. தரையில் உட்கார்ந்து அவனுடைய ரயில் தண்டவாளத்தை எடுத்து, வேண்டுமென்றே தப்பாக மாட்ட ஆரம்பித்தார். ஐந்து நிமிடம்கூடப் பொறுக்கவில்லை, ஐயா வெளியே வந்து திருத்தத் தொடங்கிவிட்டார். சாயங்காலம் மேசையில் ஒரு சீட்டு: ரசம் சாதம் எத்தனை ஸ்பூன், தூக்கம் எவ்வளவு நேரம், எல்லாம் இருந்தது. நானே இப்படி எழுதி வைத்ததில்லை.

அப்புறம் கார்.

எங்கள் தெரு ட்யூப் ஸ்டேஷனுக்குப் பக்கம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10 முதல் 11 வரை மட்டும் பெர்மிட் உள்ளவர்கள்தான் நிறுத்தலாம். ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் நாள் முழுக்கக் காரைப் போட்டுவிட்டுப் போகாமலிருக்க இந்த ஒரு மணி நேரம் போதும். நல்ல யோசனைதான், எங்களுக்கும் அதனால்தான் இடம் கிடைக்கிறது. ஆனால் எட்டு மணிக்கு வருகிறவருக்குத் தெரு காலியாகத் தெரியும், பலகையைப் பார்க்கத் தோன்றாது. விசிட்டர் பெர்மிட்டை நான்தான் கவுன்சில் தளத்தில் போட வேண்டும். அதற்குக் காரின் பதிவு எண் வேண்டும்.

முந்தின இரவு பேக்கப் கேர் ஆப்பில் வரப்போகிறவருடைய பெயர், படம், முதலுதவிப் பயிற்சி, போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் வந்துவிடும். காரில் வருகிறாரா என்பது மட்டும் வராது. அந்த ஒரு கட்டத்தைச் சேருங்கள் என்று மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் நன்றி சொல்லிப் பதில் வந்தது.

போன வாரம் வந்தவர் புதியவர். கதவைத் திறக்கும்போதே பையன் என் காலைக் கட்டிக்கொண்டு அழுகை, எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கார் எண்ணைக் கேட்க மறந்தேன். மீட்டிங் நடுவே ஞாபகம் வந்து போனைப் பார்த்தால் மணி 10:25. கண்ணாடியில் 10:21க்கே மஞ்சள் உறை ஒட்டியாகிவிட்டதாம். 160 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் பாதி. அந்தப் பெண் தானே கட்டுகிறேன் என்றார். அவர் வாங்கும் கூலிக்கு அதை அவர் தலையில் கட்ட மனசு வருமா?

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவிடம் புலம்பினேன். "ஏன் பிள்ளை என்னட்டச் சொல்லேல்ல? எங்கட ட்ரைவ்வே பகல் முழுக்கச் சும்மாதானே கிடக்கு" என்றார், வீட்டு முன்னால் கார் நிறுத்தும் சொந்த இடத்தைக் காட்டி. ஒன்றரை வருடமாக ஆப்பிடம் கெஞ்சியவளுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கத் தோன்றவில்லை.

தோழிக்கு என் பதில்: வீட்டில் ட்ரைவ்வே இல்லையென்றால் சேராதே. தண்டவாளத்தைத் தப்பாக மாட்டிய அந்த அம்மாவை நினைத்தால் இப்படிச் சொல்வது அநியாயம்தான். இருந்தாலும் இன்றைக்கு என் வாயில் இதுதான் வருகிறது. மீதி 3 நாளில் ஒன்றை வியாழக்கிழமைக்குப் போட்டிருக்கிறேன், பையனுக்கு நேற்றிரவு மறுபடியும் வாந்தி.