எங்க ஏரியா லேப்ல ப்ரோலாக்டின் டெஸ்ட்: 5க்கு 3 ஸ்டார்

பீரியட்ஸ் தள்ளிப் போகுதுன்னு டாக்டர் ப்ரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்) டெஸ்ட் எழுதிக் கொடுத்தாங்க, நானும் லேட்டாயிடுச்சேன்னு மூணு மாடி படியேறி மூச்சு வாங்க போய் நின்னா உடனே கைய நீட்டச் சொல்லி ஊசி, அதுவும் நரம்பு கிடைக்காம ரெண்டு குத்து. ரிசல்ட் 38, லிமிட் 25னு போட்டிருந்துச்சு. நைட்டு தூக்கமே இல்ல.

டாக்டர் சிரிச்சுட்டு பேப்பர்ல படமே போட்டுக் காட்டினாங்க: மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியோட செல்லுக்குள்ள இந்த ஹார்மோன குட்டிக் குட்டிப் பையில கட்டி ரெடியா வெச்சிருக்குமாம், மூளைலேர்ந்து வர்ற டோபமைன்ங்கிற கெமிக்கல்தான் பூட்டு, அது லூசானா செல்லுக்குள்ள கால்சியம் ஏறி, பை வெளிச்சுவரோட ஒட்டித் திறந்து சரக்கு ரத்தத்துல கொட்டிடும். டென்ஷன், ஊசி வலியே போதுமாம். நான் போட்டுட்டிருந்த டோம்பெரிடோன் கலந்த கேஸ் மாத்திரை வேற டோபமைன மறிச்சிடும்! லேப்ல ஒரு வார்த்தை கேட்டிருக்க வேணாமா?

டாக்டர் சொல்லி மாத்திரைய நிறுத்திட்டு, அடுத்த தடவ நானே அரை மணி நேரம் உக்காந்துட்டு கொடுத்தேன், 17. ரிப்போர்ட் மட்டும் சாயங்காலமே வாட்ஸ்அப்ல வந்துடுது, அதுக்குத்தான் அந்த மூணு ஸ்டார்.