மூன்று வாரம் பட்டன் போனோடு

திருப்பூரில் 1,400 ரூபாய்க்கு வாங்கிய சாதா பட்டன் போன். வாங்கிய காரணம் கொஞ்சம் கேவலம்தான்: இடது கையில் வாட்ஸ்அப், எதிரே லேப்டாப்பில் ஆர்டர் கொடுக்கும் பையருக்குப் போகவேண்டிய மெயில், நடுவில் சாப்பாடு என்று உட்கார்ந்து, அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டேன். "ஏங்கண்ணு, தட்டைப் பார்த்துத் திங்கமாட்டியா?" என்றார் அம்மா.

2009இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஒரே நேரத்தில் நாலைந்து திரைகளை மேய்கிறவர்கள்தான் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதில் பின்தங்கினார்களாம். அதைப் படிக்கும்போதும் இன்னொரு பக்கம் கிரிக்கெட் ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, போனுக்கு வருவோம். சார்ஜ் ஐந்து நாள் நிற்கிறது, ஓடிபி வருகிறது, அவிநாசி பஸ் இரைச்சலிலும் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. தமிழில் மெசேஜ் அடிப்பதுதான் கொடுமை, 'ழ' வருவதற்குள் நிறுத்தமே வந்துவிடும். பணம் அனுப்ப, பட்டன் போனுக்கென்றே உள்ள யுபிஐ 123பே வசதி இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும்; பேக்கரி டீக்குச் சில்லறையே மேல். ஸ்மார்ட்போனின் சின்ன சிம்மை இதில் பொருத்த அடாப்டரும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் முழுக்கச் சட்டைப்பை அதிர்வதாக நினைத்து, வெறும் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஆபீஸ் நேரத்துக்கு ஸ்மார்ட்போன் இல்லாமல் முடியாது, மறைக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இதுதான்.