எடையைச் சாய்த்துக் குத்துவதா, இடுப்பைத் திருப்பிக் குத்துவதா?

குத்துச்சண்டையில் குத்தின் பலம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் புதிதாக வந்தவர்கள் புஜத்தைத் தடவிப் பார்ப்பார்கள். புஜத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். தோளிலிருந்து விரல்வரை ஒரு கையின் எடை, உடல் எடையில் சுமார் 5 சதவீதம்தான். 80 கிலோ ஆளுக்கு 4 கிலோ. மீதி 76 கிலோவில் எவ்வளவை முஷ்டிக்குப் பின்னால் கொண்டுவருகிறோம் என்பதில்தான் சண்டையே. அதற்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டுக்கும் கொடி பிடிக்க ஆளும் உண்டு.

முதல் வழி குத்துச்சண்டை வீரர் ஜாக் டெம்ப்சி சொன்னது. 1919 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் டொலிடோ நகரில், சுமார் 85 கிலோ இருந்த டெம்ப்சி, 111 கிலோ ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை தரையில் தள்ளினார். நேர்க்குத்துக்கு அவர் பின்னாளில் விளக்கிய முறை இது: முன்காலைச் சட்டென்று தூக்கினால் உடம்பு தானாக முன்னால் சரியும். அந்தக் கால் தரையைத் தொடுவதற்குள் முஷ்டி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சரிகிற எடைக்கு வேறு போக்கிடம் இல்லாததால் அப்படியே குத்தில் இறங்கும். கால் முந்தி ஊன்றிவிட்டால் எடை தரைக்குப் போய்விடும், எதிராளிக்குக் கிடைப்பது வெறும் கைதான்.

ஜாபுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஜாப் என்பது முன்னால் நீட்டி நிற்கும் கையால் நேராகக் குத்துவது, அப்போது இடுப்பு திரும்ப அதிகம் இடமில்லை, எட்டு வைக்காத ஜாப் தொட்டுவிட்டுத் திரும்பும், அவ்வளவுதான். ஆனால் குறி தவறினால் விலை அதிகம். எடை முழுவதும் முன்னால் போய்விட்டதால் தாடையை நாமே கொண்டுபோய் எதிராளியின் அப்பர்கட்டுக்கு, அதாவது கீழிருந்து மேலே வரும் குத்துக்கு, கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது வழிக்கு ஜோ ஃப்ரேசியரின் இடது ஹூக்கை, அதாவது கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்தை, பார்த்தால் போதும். 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், 15-வது சுற்று. முகமது அலி மல்லாந்து விழுந்த அந்தக் குத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஃப்ரேசியர் முதலில் குனிந்து இடது காலில் எடையை ஏற்றிக்கொள்கிறார். அந்தக் கால் தரையை உதைக்கிறது, இடுப்பு திரும்புகிறது, அப்புறம் தோள், கடைசியாகத்தான் கை. சின்ன வயதில் அடிபட்டு அவருடைய இடது கை முழுதாக நீளாமல் போனது என்பார்கள். ஹூக்குக்கு மடங்கிய கைதானே வேண்டும்!

இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் வரிசைதான். கை இடுப்பை முந்திவிட்டால் அது குத்தே இல்லை, அறை. 1985-ல் வெளியான ஒரு சோவியத் ஆய்வு, குத்தின் வலுவில் கால்களின் பங்கு தேர்ந்த வீரர்களிடம் சுமார் 38 சதவீதம், புதியவர்களிடம் சுமார் 17 சதவீதம் என்று கணக்கிட்டது. புதியவர்கள் அந்தக் குறையைக் கையாலும் மேலுடம்பாலும் சரிக்கட்டுகிறார்கள்.

இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் திருப்புவதன் பக்கம். எடை இரண்டு கால்களுக்கு நடுவிலேயே இருப்பதால் தவறினாலும் நின்ற இடத்தில் நிற்கலாம், உடனே அடுத்ததை விடலாம். எட்டு வைக்க இடமில்லாத நெருக்கத்திலும் வேலை செய்யும். டெம்ப்சியேகூட ஹூக்குக்குத் தோளைச் சுழற்றத்தான் சொன்னார், வில்லார்டை முதலில் விழவைத்ததும் இடது ஹூக்தான். எடையைச் சாய்க்கும் வழிக்குக் கொடி பிடிப்பவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

பின்னால் நிற்கும் கையின் நேர்க்குத்தில் இந்தப் போட்டியே கிடையாது. பின்கால் உதைத்து இடுப்பு திரும்பும்போதே எடையும் முன்னால் வரும். 1994-ல் 45 வயது ஜார்ஜ் ஃபோர்மன், மைக்கேல் மூரரை 10-வது சுற்றில் சாய்த்த வலது கையில் வேகம் என்று பெரிதாக எதுவுமில்லை. எடை மட்டும் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது.

எந்த வழியில் போனாலும் முஷ்டியை இறுக்குவது படுகிற கணத்தில்தான். முன்கூட்டியே இறுக்கினால் தோள் பிடித்துக்கொண்டு கை மந்தமாகிவிடும். தொங்கும் பையில் குத்தினால் இது தெரிந்துவிடும். பை ஊஞ்சல் மாதிரி தூரமாக ஆடினால் தள்ளியிருக்கிறீர்கள். அதிகம் நகராமல் நடுவில் மடிந்து துள்ளினால் குத்தியிருக்கிறீர்கள்.