ஸ்லோ குக்கரும் குழைந்த பாஸ்தாவும்: 5 வருடக் கணக்கு

போன வாரம் என் ஸ்லோ குக்கரின், அதாவது மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்கருவியின், பீங்கான் பாத்திரம் விரிசல் விட்டுவிட்டது. தவறு என்னுடையதுதான். சூடு ஆறுவதற்குள் கழுவும் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், அடியிலிருந்து விளிம்புவரை மயிரிழைபோல் ஒரு கோடு. மாற்றுப் பாத்திரத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது நண்பர் கேட்கிறார்: "மாட்டிறைச்சி பாஸ்தா செய்ய இதை வாங்கலாமா?" 5 வருடமாக ஏறக்குறைய அதற்காகவே வைத்திருப்பவன் என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கறியைப் பொறுத்தவரை குறை சொல்ல வாய் வராது. தோள்பட்டைக் கறி, கெண்டைச்சதை என்று, அவசரச் சமையலில் ரப்பராகிவிடும் துண்டுகளைத்தான் இதில் போடுகிறேன். அவற்றிலுள்ள கொலாஜன் என்ற விறைப்பான புரதம், வழவழப்பான ஜெலட்டினாகக் கரைய நிதானமான சூடும் நேரமும் வேண்டும். 'லோ'வில் 8 மணி நேரம் கிடந்த துண்டைக் கரண்டியின் முதுகால் லேசாக அழுத்தினால் போதும், இழை இழையாகப் பிரிகிறது. தக்காளிச் சாறு உதட்டில் ஒட்டுகிற பதத்துக்கு வந்திருக்கிறது. கொழுப்பில்லாத துண்டு என்று ஆசைப்பட்டு வாங்கினால் சக்கைதான் மிஞ்சும். வாணலியில் சிவக்க வறுத்துப் போடுவதும் முக்கியம். ஈரத்திலேயே வேகும் பாத்திரம் அந்த நிறத்தையும் மணத்தையும் தானாகத் தராது. சோம்பல்பட்டுப் பச்சையாகப் போட்ட நாட்களில் மிருதுவாகத்தான் வந்தது, ஆனால் வெறும் அவித்த கறி.

இனி பாஸ்தா. எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்பதுதானே இந்தக் கருவி தரும் வாக்கு? பாஸ்தா அதைக் காப்பாற்ற விடாது. முதல் முறை காலையிலேயே சேர்த்துப் போட்டேன். மாலையில் திருகு எது, குழல் எது என்று அடையாளம் தெரியாத கூழ். கடைசி அரை மணி நேரத்தில் 'ஹை'யில் வைத்துச் சேர்க்க வேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டேன். மூடியைத் திறந்தால் சேர்த்து வைத்த சூடு போய்விடும், அது திரும்புவதற்குள் பாஸ்தா ஊறிக் குழைகிறது. கிளறாவிட்டால் அடியில் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். கிளற மறுபடி திறக்க வேண்டும்!

இவை எல்லாவற்றையும் மன்னிப்பேன். வெந்ததை ஆறாமல் சூடாகவே வைத்திருக்கும் 'வார்ம்' நிலையை மட்டும் மன்னிக்க மாட்டேன். நேரம் முடிந்ததும் என் குக்கர் யாரையும் கேட்காமல் அதற்கு மாறிக்கொள்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பு நீண்டுவிட்டது, அவ்வளவுதான். திரும்பி வந்து பார்த்தால் சாறு ஒரு சொட்டு இல்லை. மொத்தத்தையும் பாஸ்தா குடித்து உப்பியிருந்தது. நட்ட கரண்டி சாயாமல் நின்றது. கோதுமை மாவுச்சத்தின் குணம் அது, நியாயமாகப் பார்த்தால் கருவி என்ன செய்யும்? இருந்தாலும், நேரம் முடிந்ததும் மொத்தமாக அணைந்துபோக ஒரு பொத்தான் வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இப்போது பாஸ்தாவைத் தனியாக, உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, பரிமாறும்போதுதான் கலக்கிறேன். ஒரே பாத்திரச் சமையல் என்ற பேச்சு அதோடு போயிற்று; கழுவ இன்னொரு பாத்திரம், ஒரு வடிகட்டி. (காய்ந்த சிவப்பு ராஜ்மாவைச் சேர்ப்பவர்கள் அதையும் ஊறவைத்து, தனியாகக் குறைந்தது 10 நிமிடம் கொதிக்க விட்டுத்தான் போட வேண்டும். அதிலுள்ள நச்சு இந்த மெல்லிய சூட்டுக்கு அடங்காது.)

ஆகவே நண்பரே, பாஸ்தாவுக்கென்றால் வாங்கவே வாங்காதீர்கள். கனமான அடியுள்ள பாத்திரமும் சின்ன அடுப்பும் போதும்.

மாற்றுப் பாத்திரம் நாளை வருகிறது. ஃப்ரீசரில் இருந்த தோள்பட்டைக் கறியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்துவிட்டேன். விடிவதற்குள் பனி விட்டிருக்கும்.